'லாம்' படுத்தும் பாடு

ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் நம் மாணவ நண்பர்களுக்கு முதலில் வருகின்ற அச்சம் காலத்தைப் பற்றியது. இறந்த காலமா, நிகழ்காலமா, செயல் முற்றிற்றா, முற்றவில்லையா என்று பேனா முனையைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த அச்சம், 'ஏ' போடுவதா 'தி' போடுவதா என்பது. இவ்விரண்டு அச்சமும் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இவற்றில் பிழை செய்தவனை உலகம் மன்னித்துவிடுகிறது. 'தி' விட்டுப்போனதால் எவனுக்கும் வேலை போனதாக நான் கேட்டதில்லை. மன்னிக்கப்படாத பிழை வேறொன்று உண்டு. அதைப் பிழை என்றே நாம் எண்ணுவதில்லை. ஆசிரியர்களும் சிவப்பு மையால் சுழிப்பதில்லை. ஒரு செய்தி எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டும் சொற்களை இடமறியாமல் போடுகின்றோமே, அதுதான். மே, மைட், கேன், குட், மஸ்ட், ஷுட், ப்ராபப்ளி, லைக்லி, பாஸிபிள் என்னும் இந்தக் கூட்டத்தைத்தான் சொல்கிறேன்.

என் விடுதித் தோழர் ஒருவர் கதையைக் கேளுங்கள். சித்தூருக்கு அப்பால் எல்லையோரத்துக் கிராமம் அவருடையது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, திருப்பதிக்கு வந்தபின் ஆங்கிலம். ஆங்கில இலக்கணத்தில் நம்மில் பலரைவிடத் தேர்ந்தவர். வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து இடம் தருவதாகக் கடிதம் வந்தது. சேர விருப்பம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். அவருக்கு அதைவிடப் பெரிய விருப்பம் வேறு கிடையாது. ஆனால் 'சேர்ந்துவிடுவேன்' என்று பட்டென்று எழுதினால் பெரியவர்கள் முன் துடுக்காகத் தோன்றுமே என்று தயங்கினார். 'சேரலாம் என்றிருக்கிறேன்' என்ற நம் ஊர்ப் பணிவை அப்படியே ஆங்கிலமாக்கி 'ஐ மே ஜாயின்' என்று எழுதி அனுப்பினார். மூன்றே சொற்கள். இலக்கணப் பிழை மருந்துக்கும் இல்லை. அங்கே இருந்தவர்கள் அதை எப்படிப் படித்தார்கள்? வந்தாலும் வருவார், வராமலும் போவார் என்று படித்தார்கள். இடம் அடுத்தவருக்குப் போயிற்று. நம் ஊரில் ஒருவர் 'கல்யாணத்துக்கு வரலாம் என்றிருக்கிறேன்' என்றால் அவருக்கு இலை போட்டு வைக்கலாம். 'ஐ மே கம்' என்று சொல்லும் ஆங்கிலேயருக்கு இலை போட்டால் இலை நட்டம்.

இந்தக் கதையைச் சொன்னதும் சில நண்பர்கள், 'தமிழில் நுட்பம் இல்லை, அதனால் வந்த வினை இது. விஞ்ஞானத்துக்கு ஏற்ற மொழி ஆங்கிலம் ஒன்றுதான்' என்று தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். எனக்கு இது உடன்பாடன்று. 'போகலாம்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். போகல், ஆம். ஆம் என்பது ஆகும் என்பதன் குறுக்கம். போவது தகும் என்பதும், போவது நடக்கும் என்பதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஆகவேதான் ஆசிரியர் 'நீ போகலாம்' என்றால் அது அனுமதி. தாய் 'அவன் ஊருக்குப் போயிருக்கலாம்' என்றால் அது ஐயம். நண்பன் 'வா, சினிமாவுக்குப் போகலாம்' என்றால் அது அழைப்பு. ஒரு நடிகருக்கு மூன்று வேடம். திருப்பதிக் கடைத்தெருவில் நாள்தோறும் நம் காதில் விழுகின்ற தெலுங்கிலும் இதே கதைதான். 'ராவச்சு' என்றால் வரலாம். அனுமதியும் அதுவே, ஐயமும் அதுவே. அங்கே வால் போல ஒட்டிக்கொண்டிருக்கும் 'வச்சு' என்பது 'வரும்' என்னும் வினைச்சொல். நாம் ஆகும் என்பதை ஒட்டினோம். அவர்கள் வரும் என்பதை ஒட்டினார்கள். சரி, ஆங்கில 'மே' மட்டும் உயர்குடியில் பிறந்ததோ? இல்லை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ஆற்றலுடைமை என்று பொருள். வலிமையைக் குறிக்கும் 'மைட்' என்ற பெயர்ச்சொல் அதன் உடன்பிறப்பு. ஆற்றலில் தொடங்கி, அனுமதிக்கு நகர்ந்து, ஐயத்திலும் வந்து குடியேறிய சொல் அது. இன்றும் 'யூ மே கோ' என்பது அனுமதியா ஐயமா என்பதை இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தமிழன் ஐயத்தை அளந்து பேசத் தெரியாதவனா? தொல்காப்பியர் இடையியலில் 'கொல்' என்னும் சொல்லை ஐயத்துக்கென்றே ஒதுக்கி வைத்தார். 'மன்ற' என்பதைத் தேற்றத்துக்கு, அதாவது உறுதிக்கு, ஒதுக்கி வைத்தார். அவை இன்று ஏட்டோடு நின்றுவிட்டன என்பது உண்மை. ஆனால் அவற்றின் இடம் காலியாக இல்லை. மழை வரும், மழை வரக்கூடும், மழை வரலாம், மழை வரும் போலிருக்கிறது, மழை வருமோ என்னவோ. இந்த ஐந்தையும் நம் வீட்டுப் பாட்டிமார் ஒன்றோடொன்று மாற்றிச் சொல்லவே மாட்டார்கள். வானத்தில் கறுப்பு ஏறினால்தான் 'போலிருக்கிறது' வரும். கண்ணுக்குச் சான்று இல்லாதபோது 'என்னவோ' வரும். தெலுங்குக்காரர் 'வஸ்தாடேமோ' என்று இழுப்பதும் நம்முடைய 'வருவானோ என்னவோ' தான். ஒன்று கவனித்தீர்களா? ஆங்கிலத்தின் 'லைக்லி' என்பதும் 'லைக்' என்ற சொல்லில் பிறந்தது. லைக் என்றால் போல. நாம் 'மழை போலிருக்கிறது' என்று எந்த மனநிலையில் சொல்கிறோமோ அதே மனநிலையில்தான் அவர்களும் அந்தச் சொல்லை ஆக்கினார்கள். ஆகவே சரக்கு நம்மிடம் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும் வாசலில் நாம் அதை இறக்கி வைத்துவிட்டு, 'மே' ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போகிறோம். குறை அங்கே இருக்கிறது.

தமிழ் உண்மையாகவே காலை வாரிவிடும் இடமும் ஒன்று உண்டு, அதை மறைப்பானேன்? 'அவர் நேற்று வந்திருக்க வேண்டும்.' இந்த வாக்கியத்துக்கு என்ன பொருள்? வாசலில் செருப்புக் கிடக்கிறது, ஆகவே வந்திருக்கிறார் என்று ஊகிப்பது ஒன்று. வரவேண்டிய கடமை இருந்தும் வரவில்லையே என்று குறைப்படுவது மற்றொன்று. முதல் பொருளில் மனிதர் வந்துவிட்டார். இரண்டாம் பொருளில் வரவே இல்லை! பேசும்போது குரல் காப்பாற்றிவிடும். எழுத்துக்குக் குரல் ஏது? ஆங்கிலம் இங்கே இரண்டு கதவுகளை வைத்திருக்கிறது. 'ஹி மஸ்ட் ஹாவ் கம்' என்றால் ஊகம்; 'ஹி ஷுட் ஹாவ் கம்' என்றால் பெரும்பாலும் குறை. விஞ்ஞான மாணவர்கள் சோதனைக் குறிப்பேட்டில் இந்த இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 'கரைசலின் வெப்பநிலை உயர்ந்திருக்க வேண்டும்' என்று மனத்தில் தமிழில் நினைக்கிறோம். 'மஸ்ட் ஹாவ் ரைஸன்' என்று எழுதினால், அளக்கவில்லை, ஆனால் உயர்ந்தது என்பதற்குச் சான்று உண்டு என்று பொருள். 'ஷுட் ஹாவ் ரைஸன்' என்று எழுதினால், கோட்பாடு உயரும் என்றது, சோதனை பொய்த்தது என்று பொருள். ஒரு சொல் மாறினால் சோதனையின் முடிவே தலைகீழ்.

'அப்பா கடைக்குப் போயிருப்பார்' என்பதை 'ஃபாதர் வுட் ஹாவ் கான் டு தி ஷாப்' என்று எழுதுவது தென்னாடு முழுவதற்கும் பொதுவான வழக்கம். நமக்குள் பேசிக்கொள்ளும்வரை தீங்கில்லை. ஆனால் பிற நாட்டு ஆங்கிலேயர் அதைக் கேட்டவுடன், 'போயிருப்பார், ஆனால்...' என்று மீதிக் கதைக்குக் காத்திருப்பார். நிகழாமற் போனதைச் சொல்லும் அமைப்பாக அது அவர் காதில் விழுகிறது. 'மஸ்ட் ஹாவ்' அல்லது 'ஹாஸ் ப்ராபப்ளி' என்று சொன்னால் கதை அங்கேயே முடியும்.

'கேன்' என்பதற்கும் 'மே' என்பதற்கும் உள்ள வேற்றுமையை வகுப்பில் 'ஒன்று ஆற்றல், ஒன்று அனுமதி' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதி. இந்த ஊரில் இருப்பவர்களுக்கு மறுபாதியைச் சொல்ல ஓர் எளிய உதாரணம் மலைமேலேயே இருக்கிறது. திருமலையில் சில ஆர்ஜித சேவைகளுக்கான சீட்டுகளைக் கணினிக் குலுக்கல் முறையில் கொடுக்கிறார்கள். பதிவு செய்துகொண்ட எவருக்கும் சீட்டு விழ இடமுண்டு, அதற்கு 'கேன்'. விதியின்படி வழி திறந்திருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். நான் இம்மாதம் பதிவு செய்திருக்கிறேன், எனக்கு விழுந்தாலும் விழலாம், அதற்கு 'மே'. ஆயிரக்கணக்கானவர் பதிவு செய்திருக்கும்போது எனக்கு அநேகமாக விழாது. அதற்கு 'ப்ராபப்ளி வில் நாட்'. ஒரே மனிதன் ஒரே நாளில் இம்மூன்றையும் சொல்லலாம். மூன்றும் உண்மை, ஒன்றுக்கொன்று முரண் இல்லை. திருப்பதி மே மாதத்தில் அனலாகக் காயக்கூடிய ஊர் என்பதற்குக் 'கேன்' வேண்டும். நாளைக்கு அனலாகக் காயலாம் என்பதற்கு 'மே' வேண்டும். 'இட் கேன் ரெயின் டுமாரோ' என்று நம்மவர் எழுதுவதைப் படிக்கும்போது, மழைக்கு நாளை பெய்யும் திறமை உண்டு என்று சான்றிதழ் கொடுத்தது போல் இருக்கிறது.

எதிர்மறையில் இன்னும் சிக்கல். 'அவன் அறையில் இருக்க முடியாது, விளக்கு எரியவில்லை' என்பதற்கு 'கேனாட் பி' தான் பொது வழக்கு. 'மஸ்ட்' என்ற ஊகத்தின் எதிர்மறை 'மஸ்ட் நாட்' என்று சூத்திரம் போட்டால், அது பெரும்பாலும் தடை உத்தரவாகப் போய் நிற்கும். 'மே நாட் பி' என்றால் இல்லாமலும் இருக்கலாம் என்பது; அதற்கும் 'கேனாட் பி' என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சிறு பிழைகளும் பல உள: 'ஹி இஸ் பாஸிபிள் டு கம்' என்பது ஆங்கிலமே அன்று, 'ஹி இஸ் லைக்லி டு கம்' என்பது சரி, 'ப்ராபபிள்' என்ற சொல்லோ ஆளைப் பற்றி அப்படி நிற்காது, 'இட் இஸ் ப்ராபபிள் தட்' என்று தொடங்கவேண்டும். 'மேபி' என்று சேர்த்து எழுதினால் ஒருவேளை. 'மே பி' என்று பிரித்து எழுதினால் இருக்கலாம். 'ப்ராபப்ளி மே' என்று இரண்டையும் அடுக்குவது, சர்க்கரைப் பொங்கலில் உப்பு. இவற்றை எந்த இலக்கண நூலிலும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நான் இவற்றின்மேல் நிற்கப் போவதில்லை.

நிற்கவேண்டிய இடம் வேறு. 2021ஆம் ஆண்டு நவம்பர் மூன்றாம் வாரத்தைச் சித்தூர் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். திருப்பதி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 2022 ஏப்ரலில். வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் சென்னைக்கும் புதுவைக்கும் இடையே கரை ஏறியது. திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடிற்று, மலைப்பாதைகள் மூடப்பட்டன, சுவர்ணமுகி பெருகிற்று. அதன்பின் ராயலசெருவு என்னும் பழைய பேரேரியின் கரையில் நீர் கசிவது கண்டு, கீழேயுள்ள ஊர்மக்களை வெளியேறச் சொன்னார்கள். கசிவை அடைத்தார்கள், ஏரி உடையவில்லை. இப்போது சொல்லுங்கள்: 'தி டேங்க் மே ஹாவ் பிரீச்ட்' என்று இன்றைக்கு ஒருவர் எழுதினால் சரியா? தவறு. உடைந்ததா இல்லையா என்று தெரியாதவன்தான் அப்படி எழுதலாம். உடைந்திருக்கக்கூடும், நல்லகாலம், உடையவில்லை என்பதற்கு 'மைட் ஹாவ்' அல்லது 'குட் ஹாவ்' என்பதுதான் முறை. ஆங்கிலப் பத்திரிகைகளே இன்று இந்த இரண்டையும் கலந்து எழுதுகின்றன. அதனால் நமக்கும் உரிமை உண்டு என்று வாதிடுவோர் வாதிடட்டும். எனக்கு அந்த வேற்றுமை பிடித்திருக்கிறது. தப்பிப் பிழைத்த ஊருக்கும், கதி தெரியாத ஊருக்கும் ஒரே வாக்கியம் போதும் என்று என் மனம் ஒப்பவில்லை.

அந்த ஏரிக்குக் கீழே குடியிருப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாட்டை அவிழ்ப்பதா, வேண்டாமா? நெல் மூட்டையை ஏற்றுவதா, விடுவதா? அவருக்கு வந்து சேர்கின்ற செய்தியில் இருப்பது ஒரே ஒரு சொல்: மழை பெய்யக்கூடும், அல்லது பெய்ய வாய்ப்புள்ளது. அந்தச் சொல்லுக்கு அளவு உண்டா? உண்டு என்பதே நம்மில் பலர் அறியாத செய்தி. இந்திய வானிலைத் துறை தன் ஆங்கில அறிக்கைகளில் ஓர் அட்டவணையே இணைத்திருக்கிறது. 'லைக்லி' என்றால் நூற்றுக்கு 25 முதல் 50 வரை. 'வெரி லைக்லி' என்றால் 50 முதல் 75 வரை. 'மோஸ்ட் லைக்லி' என்றால் 75க்கு மேல். இதை முதலில் படித்தபோது நான் இரண்டாம் முறை படித்தேன். ஏனென்றால் பருவநிலை மாற்றம் பற்றி ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுக் குழு தன் அறிக்கைகளில் வைத்திருக்கும் அளவு வேறு: அங்கே 'லைக்லி' என்றால் நூற்றுக்கு 66க்கு மேல், 'வெரி லைக்லி' என்றால் 90க்கு மேல். ஒரே ஆங்கிலச் சொல். ஒரே துறை, வானமும் மழையும். ஓர் இடத்தில் நாலில் ஒன்றுக்கும் அந்தப் பெயர் கிடைக்கிறது. மற்றோர் இடத்தில் மூன்றில் இரண்டு இருந்தால்தான் கிடைக்கிறது. இலக்கணப் புத்தகம் எத்தனை முறை புரட்டினாலும் இது கிடைக்குமா?

தமிழ் அறிக்கைக்கு வருவோம். 'ஓரிரு இடங்களில்', 'சில இடங்களில்', 'பல இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டுக் கேட்டுக் கேலி செய்கிறோம். கேலிக்குரியவை அல்ல அவை. ஒரு வட்டாரத்து மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு 25 வரை மழை கண்டால் ஓரிரு இடங்கள். 50 வரை சில. 75 வரை பல. அதற்கு மேல் பெரும்பாலான. எவ்வளவு அழகாக அளந்து வைத்த தமிழ்! இடத்துக்கு இப்படி நான்கு படி கட்டிய நாம், உறுதிக்கு மட்டும் 'வாய்ப்புள்ளது' என்ற ஒரே பாயை விரித்து எல்லாரையும் அதன்மேல் உட்காரவைத்துவிட்டோம். ஆங்கிலத்தில் 'லைக்லி' என்றும் 'வெரி லைக்லி' என்றும் வேறுபட்டு வருவன தமிழ்ச் செய்தியில் எத்தனை முறை ஒரே 'வாய்ப்பு' ஆகிவிடுகின்றன என்பதை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். சித்தூரிலிருந்து திருப்பதிக்கு வரும் வழியில், காதங்கியில், தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே பெரும் ராடார் வைத்துக் காற்றின் ஓட்டத்தை நுணுகி அளக்கிறார்கள். அளந்து எடுத்ததை மக்களுக்குச் சொல்லும் கடைசிச் சொல் மட்டும் அளவில்லாமல் போகலாமா?

சொல்லுக்கு எண் கட்டும் முயற்சி புதியதன்று. ஷெர்மன் கென்ட் என்ற வரலாற்றுப் பேராசிரியர் அமெரிக்க உளவுத்துறையில் மதிப்பீடு எழுதும் பணியில் இருந்தார். 1951ஆம் ஆண்டில் யுகோஸ்லாவியாவின்மேல் படையெடுப்பு நிகழக்கூடும், அது 'சீரியஸ் பாஸிபிலிட்டி' என்று அவர் குழு எழுதியது. அரசாங்க அதிகாரி ஒருவர், அதற்கு என்ன அளவு என்று கேட்டார். நூற்றுக்கு 65 என்று கென்ட் சொன்னபோது அவர் திடுக்கிட்டார். அவர் அதைவிட மிகக் குறைவாக எண்ணியிருந்தார். கவலை கொண்ட கென்ட் தம் குழுவினரையே ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் 80 என்றார், ஒருவர் 20 என்றார். ஒரே வாக்கியத்தில் கையெழுத்திட்டவர்கள்! பிறகு 1964இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு வகுத்தார்: 'ப்ராபபிள்' என்றால் 75, முன்பின் 12, ஏறத்தாழ உறுதி என்றால் 93, முன்பின் 6. அவர் தம் அலுவலகத்தாரைக் கணக்கர் என்றும் கவிஞர் என்றும் இரு கட்சியாகப் பிரித்தார். கணக்கர்கள் எண் கேட்டார்கள். கவிஞர்கள், மொழிக்கு விலங்கு பூட்டாதே என்றார்கள். அவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட சூழலில் வளர்ந்தவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். ஆங்கிலம் பிறவியிலேயே துல்லியமான மொழி என்று நம்பிக்கொண்டிருக்கும் நம் நண்பர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

இதனால் என் கருத்து என்ன? 'மே' என்றால் நூற்றுக்கு ஐம்பது, 'மைட்' என்றால் முப்பது, 'மஸ்ட்' என்றால் தொண்ணூறு என்று ஏணி வரைந்து மனப்பாடம் செய்யவைக்கும் வழிகாட்டி நூல்களை நான் ஏற்கவில்லை. அந்த எண்கள் ஆங்கிலம் பேசுவோர் எவரும் உடன்பட்டு வைத்தவை அல்ல. 'மைட்' என்பது 'மே' என்பதைவிடச் சற்றுத் தயக்கம் மிகுந்தது என்று பலர் உணர்கிறார்கள், அவ்வளவுதான். பலருக்கு இரண்டும் ஒன்றே. தேர்வுக்காக அந்த ஏணியில் ஏறுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, எழுதும்போது இறங்கிவிடுங்கள். எண் தெரிந்தால் எண்ணையே எழுதுவது நேர்மை. எண் தெரியாவிட்டால், ஏன் ஐயம் என்பதை ஒரு சொற்றொடரில் சேர்த்து எழுதுவது நேர்மை. அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. வாக்கியத்தை ஆங்கிலத்தில் தொடங்குமுன் தமிழில் உன்னையே கேள்: வருமா, வரக்கூடுமா, வரலாமா, வரும் போலிருக்கிறதா, வருமோ என்னவோவா? இதில் எது என்று முடிவு செய்யாதவன் கையில் எந்த மொழியின் சொல்லும் பொய்யாகத்தான் போகும்.

விஞ்ஞானம் படிக்கும் நமக்கு ஒரு பொறி தனியாகவே வைக்கப்பட்டிருக்கிறது. ஊர்ப்பேச்சில் 'ப்ராபபிலிட்டி'யும் 'லைக்லிஹுட்'டும் ஒன்றுதான். புள்ளியியலில் ஒன்றல்ல; ரொனால்ட் ஃபிஷர் 1920களிலேயே இரண்டையும் பிரித்துவிட்டார். ஒரு கருதுகோளை மெய் என்று கொண்டால் கண்ட தரவு கிடைப்பது எவ்வளவு இயல்பு என்பது ஒன்று. கண்ட தரவை வைத்துக் கருதுகோள் மெய்யாக இருப்பது எவ்வளவு உறுதி என்பது வேறொன்று. ஃபிஷரிடம் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து 1948இல் பட்டம் பெற்ற சி. ஆர். ராவ், நம் ஆந்திரப் பல்கலைக் கழகத்தில் கணிதம் படித்தவர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி. அப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு, 'பி' மதிப்பு 0.05 வந்துவிட்டது, ஆகவே என் கருதுகோள் மெய்யாக இருக்க நூற்றுக்கு 95 இடமுண்டு என்று ஆய்வேட்டில் எழுதுகிறோம். அந்த எண் அதைச் சொல்லவில்லை. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் தனி அறிக்கையே வெளியிட்டு இதைத் தெளிவாக்கியது. இதுவும் இலக்கணப் பிழைதான் என்பேன். 'இருந்தால் கிடைக்கும்' என்பதும் 'கிடைத்ததால் இருக்கும்' என்பதும் ஒன்றா? நம் வீட்டுச் சிறுவனிடம் கேட்டாலும் இல்லை என்பான். ஆங்கிலத்தில் படித்ததால் நமக்கு ஒன்றாகத் தோன்றுகிறது.

சட்டக்காரர்கள் இதில் நம்மைவிட எச்சரிக்கையானவர்கள். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், 'மெய்ப்பிக்கப்பட்டது' என்றால் என்ன என்பதை விளக்கும்போதே, விவேகமுள்ள மனிதன் நம்பிச் செயற்படும் அளவுக்கு அது நிகழ்தகவுடையதாக இருக்கவேண்டும் என்றது. 2024 ஜூலையிலிருந்து நடப்புக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அந்த இலக்கணத்தை விட்டுவிடவில்லை. செயற்படும் அளவுக்கு என்பதைக் கவனியுங்கள். எண் இல்லை; ஆனால் அளவுகோல் இருக்கிறது. ஏரிக்குக் கீழே மாட்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்று நின்ற மனிதருக்கு வேண்டியதும் அதுவே.

நம் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் பட்டிமன்றத்துக்கு முன் கால்மணி நேரம் கொடுங்கள். வந்திருப்போர் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச்சீட்டு. அதில் தமிழில் ஆறு சொற்கள், ஆங்கிலத்தில் ஆறு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல், நூற்றுக்கு எவ்வளவு என்று எழுதவேண்டும். கென்ட் தம் அறைக்குள் செய்ததை நாம் மண்டபத்தில் செய்வோம். 'வரக்கூடும்' என்பதற்கு நம்மில் எத்தனை எண்கள் என்று தெரிந்துவிடும். தமிழ்ச் சொற்களில் நாம் அதிகம் ஒத்துப்போகிறோமா, ஆங்கிலச் சொற்களிலா என்பதும் தெரிந்துவிடும். எனக்கு ஓர் ஊகம் உண்டு. அதை இப்போது சொன்னால் சோதனை கெட்டுவிடும். பெயர் எழுதவேண்டாம், வீட்டு மொழியும் பள்ளி மொழியும் எழுதினால் போதும். தெலுங்கு நண்பர்களையும் அழைப்போம். 'ஏமோ' என்பதற்கு அவர்கள் போடும் எண்ணையும் பார்க்கவேண்டும். கூட்டி வகுத்துப் படம் வரைந்து அடுத்த இதழுக்குள் ஆசிரியரிடம் கொடுத்துவிடுகிறேன். கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன் என்று எழுதவில்லை, கொடுத்துவிடுகிறேன்.